பேராசிரியர் பிராட்வெல் பணியாத கதை

கொடுங்கோலை எதிர்த்தவர்கள் உலகத்தில் ஏராளம். சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், தலையையே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் ஒரு பெரிய குறை உண்டு. எதிர்ப்பதற்கு முன்னால் ஒருவர்கூட முறையாகக் கோட்பாடு படிக்கவில்லை. படித்திருந்தால் இப்படிப் போய் மாட்டிக்கொண்டிருப்பார்களா? மனித குலத்தின் இந்தக் குறையைத் தீர்க்கவே மேற்குப் பென்சில்வேனியாவில், ஆல்டன்ஃபோர்க் என்னும் சிற்றூரின் கல்லூரியில், பேராசிரியர் ஹாலிஸ் பிராட்வெல் அவதரித்தார்.

பிராட்வெல் இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே அடங்காமையைப் பாடமாக நடத்திவருகிறார். திங்களும் புதனும் காலை பத்து மணி முதல் பதினொன்றேகால் வரை அடங்காமை. பிறகு மதிய உணவு. அவருடையது நிரந்தரப் பதவி. அவர் என்ன பேசினாலும், யாரை எதிர்த்தாலும், கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அறிஞர்கள் அச்சமில்லாமல் உண்மை பேசவேண்டும் என்பதற்காகவே அந்த நாட்டில் இப்படி ஒரு கவசத்தைச் செய்து மாட்டிவிடுகிறார்கள். பிராட்வெல் தன் கவசத்தைப் பெரிதும் மதித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதில் ஒரு கீறல்கூட விழவிடவில்லை.

அவருடைய புகழெல்லாம் நடைப்பிணக் கதைகளிலிருந்து வந்தது. ஊர் அழியும், செத்தவர்கள் எழுந்து வருவார்கள், மிஞ்சியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடப்பார்கள். நீங்களும் நானும் இதில் ரத்தத்தைப் பார்ப்போம். பிராட்வெல் அரசியலைப் பார்த்தார். ‘நகர்வதே மறுப்பு’ என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல் எழுதினார். நடைப்பிணம் யோசிக்காது, ஒன்றையே கேட்கும், திரும்பத் திரும்பக் கேட்கும், அதிகாரத்தின் குணமும் அதுதான். தப்பிப் பிழைப்பவனோ பதில் சொல்வதில்லை, நிற்பதில்லை, நடையைக் கட்டுகிறான். ஆகவே இடத்தைக் காலி செய்வதே எதிர்ப்பின் உச்சம். இந்தக் கோட்பாடு அறிஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. வம்பு என்றால் நழுவுகிற பழக்கம் உள்ளவர்கள் அதைக் கண்ணீர் மல்கப் பாராட்டினார்கள்.

வகுப்பில் ஓரன் என்று ஒரு மாணவன் உண்டு. சரியான குடைச்சல் பேர்வழி.

“சார், அப்ப எப்பத்தான் எதிர்த்து நிக்கிறது?” என்று ஒரு முறை கேட்டான்.

“நிக்கிறது அவங்க மொழி, ஓரன். நாம அந்த மொழியிலயே பேசக்கூடாது.”

“ஓடறது யாரு மொழி சார்?”

“அது ஓடறது இல்லப்பா. நகர்றது.”

ஓரனைத் தவிர எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பாடத்தின் மணிமுடி, ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் ‘உயிர்ப்பயணம்’. அணைக்கட்டிலிருந்து மலையுச்சியிலுள்ள பழைய காட்டுத்தீக் காவல் குடில் வரை ஆறு மைல் நடக்கவேண்டும். வழியில் நாடகத்துறை மாணவர்கள் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு நடைப்பிணங்களாக வருவார்கள். தொட்டால் தொடப்பட்டவர் செத்தவர். செத்தவர்கள் கீழே பேருந்துக்குப் போய்ச் சூடாகக் கோகோ குடிக்கலாம். (முதல் மைலிலேயே வீரமரணம் அடைந்தவர்கள் உண்டு.) அது மான் வேட்டைக் காலம் என்பதால் கல்லூரி வழக்கறிஞர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாதபடி உயிருள்ளவர்கள் ஆரஞ்சுத் தொப்பியும், பிணங்கள் ஆரஞ்சுச் சட்டையும் அணியவேண்டும்.

இந்த ஆண்டுப் பயணத்துக்கு ஒரு தனி மகத்துவம் இருந்தது. கல்லூரியில் ‘எதிர்ப்பியல் உயராய்வு மையம்’ திறக்கப்போகிறார்கள். இயக்குநர் யார் என்பதைத் திங்கட்கிழமை முதல்வர் அறிவிப்பார். இயக்குநருக்கு நூலகத்தை ஒட்டிப் பெயர்ப்பலகையுடன் ஒரு கார் நிறுத்துமிடம். பனிக்காலத்தில் அந்தக் கல்லூரியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அரை மைல் தள்ளி காரை நிறுத்தி, வழுக்கி வழுக்கி வகுப்புக்கு நடந்தவர்களுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். “மையத்தின் இயக்குநர் எந்தத் தரப்போடும் மனக்கசப்பு இல்லாதவரா இருக்கணும், ஹாலிஸ்,” என்று முதல்வர் சொல்லியிருந்தார். பிராட்வெல்லுக்கு இந்த உலகில் ஒருவரிடமும் மனக்கசப்பு இல்லை. வராமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால் நல்லவர்களுக்குத்தான் சோதனை வரும். சோதனையின் பெயர் டார்லீன் ஹ்ரபாவ்ஸ்கி. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பரிமாறிய பெண்மணி. ஊழியர்கள் சங்கம் சேர்வதற்காக இவர் அட்டைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் அது சட்டப்படி அவரவர் உரிமை. அதற்காக மிரட்டினால்தான் குற்றம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை போடுகிற நாள், மேற்பார்வையாளர் பரிமாறும் இடத்துக்கே வந்து நின்று, “இன்னொரு அட்டையில கையெழுத்து வாங்கினே, டார்லீன், அன்னிக்கே உனக்கு இங்க வேலை கிடையாது,” என்றார். இரண்டு நாளில் வேலையும் போயிற்று. மிரட்டியதற்கு ஒரு சாட்சி எழுதிக் கையெழுத்திட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார் சங்கத்து வக்கீல். அந்தப் புதன்கிழமை பரிமாறும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில், தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். மேற்பார்வையாளர் பேசி முடித்ததும் அவர், “வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடுங்க,” என்றார். பேராசிரியர் பிராட்வெல்.

டார்லீனுக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஜனவரி பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. வேலை இருந்தால் மருத்துவக் காப்பீடு. காப்பீடு இருந்தால் முட்டி. வாக்குமூலத்தை அரசாங்கத்தின் தொழிலாளர் வாரியத்தில் கொடுக்கக் கடைசி நேரம் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

அவர் மூன்று முறை பேராசிரியரின் அறைக்கு வந்தார். மூன்று முறையும் பேராசிரியர் பின்மாடிப்படி வழியாக ‘நகர்ந்தார்’. டார்லீன் மின்னஞ்சல் அனுப்பினார். ‘ஒடுக்கப்பட்டோரின் குரல் பற்றிய ஆய்வில் ஆழ்ந்திருப்பதால் இப்போது பதிலளிக்க இயலாது’ என்று தானியங்கிப் பதில் வந்தது. கடைசியில், உயிர்ப்பயணத்தின் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை தன் காரை அணைக்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளூர்க்காரர் ஆகையால் வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர் எதைப் போடுவாரோ அதைப் போட்டுக்கொண்டார். அண்ணனுடைய ஆரஞ்சுச் சட்டை.

நண்பகலுக்குள் பதினான்கு மாணவர்களில் ஆறு பேர் செத்துக் கோகோ குடிக்கப் போய்விட்டார்கள். மீதி எட்டுப் பேருடன் பிராட்வெல் ஓடைக்கரையை அடைந்தபோது பின்னால் ஒரு பிணம் வந்துகொண்டிருந்தது. உறுமவில்லை, கையை நீட்டவில்லை. வலது காலை இழுத்து இழுத்து, பிளாஸ்டிக் உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிற்காமல் வந்தது.

மாணவர் தலைவி டீகன் மெய்சிலிர்த்துப் போனாள். “சார், அந்தக் கால் இழுக்கறதப் பாருங்க! நாடகத்துறை இந்தத் தடவை பின்னிட்டாங்க!”

“புரொபசர்!” என்று கத்தியது பிணம். “புரொபசர் பிராட்வெல்! ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க!”

“பேசுது!” என்றாள் டீகன். “பிணம் பேசக்கூடாதே சார், விதிமுறையில இருக்கே!”

பிராட்வெல் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்பார்வை மிக நன்றாக இருந்தது என்பதை வரலாற்றுக்காக இங்கே பதிவு செய்யவேண்டும். ஒரு கணத்தில் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் பதறவில்லை.

“பேசும், டீகன். பழைய வாழ்க்கையோட மிச்சம் நாக்குல ஒட்டிக்கிட்டிருக்கும். பேரச் சொல்லிக் கூப்பிடும். யாரும் பதில் சொல்லாதீங்க. கொஞ்சம் வேகமா நடங்க.”

“‘ஒரு கையெழுத்துப் போதும்’னு சொல்லுது சார்,” என்றான் ஓரன்.

“பாத்தியா? ஒண்ணே ஒண்ணத்தான் கேக்குது. திரும்பத் திரும்பக் கேக்குது. மூணாம் அத்தியாயம்.”

ஓடையின் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. எல்லோரும் கடந்ததும் பலகையை இந்தப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார் பிராட்வெல். மாணவர்கள் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு இழுத்தார்கள். அந்தக் கரையில் பிணம் நின்றது. பலகையைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது. ஓரமெல்லாம் பனிக்கட்டி கட்டியிருந்தது. பிறகு உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியது.

“அர்ப்பணிப்புன்னா இதுதான்!” என்று டீகன் கைதட்டினாள்.

அப்போது பிராட்வெல்லின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அறிஞர்கள் தம்மைத் தாமே ஆராயத் தெரிந்தவர்கள். அது பசி என்று முடிவு செய்து, பையிலிருந்து ஓட்ஸ் கட்டி ஒன்றை எடுத்துத் தின்றார். அசைவு நின்றது.

குடிலை அடையும்போது மணி மூன்றே முக்கால். உள்ளே போய் மூச்சு வாங்கியதும் கதவை அடைத்து, முட்டுக் கொடுக்கவேண்டும் என்று பிராட்வெல் சொன்னார். ஆனால் இவர்கள் எதிர்ப்பியல் மாணவர்கள். சொன்ன உடனே கதவை மூடுவதற்கு இவர்கள் என்ன ராணுவமா? வட்டமாக உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள். இவர்கள் கூட்டத்தில் ஓட்டெடுப்புக் கிடையாது; பெரும்பான்மை என்பதே அடக்குமுறை என்று பிராட்வெல் கற்பித்திருக்கிறார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். சம்மதம் என்றால் விரல்களை மேலே தூக்கி ஆட்டுவார்கள், சம்மதமில்லை என்றால் கீழே ஆட்டுவார்கள். நெஞ்சின் குறுக்கே இரண்டு கையையும் கட்டினால் ‘தடை’. ஒருவர் தடை போட்டாலும் விஷயம் அதோடு நின்றுவிடும்.

“கதவை ‘அடைக்கிறோம்’ங்கிற வார்த்தை எனக்கு ஒத்துவரல,” என்றான் ஒருவன். “‘எல்லை வரையறோம்’னு போடுங்க.”

“எல்லைன்னா நாடு, போலீஸ் எல்லாம் வந்துடுமே?” என்றாள் ஒருத்தி.

“‘உள்ளேயும் வெளியேயும் ஒரு தற்காலிக வேறுபாடு.’ சரியா?”

“‘தற்காலிக’ வேணாம். பயந்த மாதிரி இருக்கு.”

“ஏம்ப்பா, முதல்ல யாராவது கதவச் சாத்துங்கப்பா!” என்றார் பிராட்வெல்.

“சார், நீங்க வரிசைப்படி கை தூக்கிட்டுப் பேசணும்,” என்று டீகன் பணிவாகச் சொன்னாள்.

தீர்மானத்தின் மூன்றாவது திருத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நாலேகால் மணிக்கு, திறந்திருந்த கதவு வழியாகப் பிணம் உள்ளே வந்தது. யாரையும் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியது.

“கண்ணுங்களா, குடிக்கச் சூடா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

டீகன் தன் குடுவையை நீட்டினாள். “பிரமாதமாப் பண்ணினீங்க. நாடகத்துறையில நீங்க எந்த வருஷம்?”

“நானா? பத்தொம்பதாவது வருஷம். சாப்பாட்டுக் கூடத்துல.”

ஓரன் மெல்ல எழுந்தான். “மிஸ் டார்லீன்! பியரோகி...”

“நீ வெங்காயம் வேணாம்பே. இந்தப் பொண்ணுக்குப் பால் சேராது, தனித்தட்டு. அந்தத் தம்பி மூணு தடவை வருவான், நான் கண்டுக்க மாட்டேன்.”

எட்டுப் பேரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. தலைமுடியை மூடும் வலையும் கண்ணாடித் தடுப்பும் இல்லாமல் அவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டீகனுக்கு முகம் சிவந்துவிட்டது. பலகையை இழுத்த கைகளை அவள் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

டார்லீன் உறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: அட்டை, மேற்பார்வையாளர், வேலை, முட்டி, ஐந்து மணி. பிறகு பேனாவோடு காகிதத்தை பிராட்வெல் முன்னால் வைத்தார்.

“இங்க செல்போன்ல சிக்னல் ரெண்டு கோடு இருக்கு,” என்றான் ஓரன். “போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பிடலாம். அரை நிமிஷம்.”

பிராட்வெல் தொண்டையைச் செருமினார். “டார்லீன், உங்க போராட்டத்த நான் மனசார மதிக்கறேன். ஆனா இது அரசாங்கத்தோட காகிதம். இதுல கையெழுத்துப் போட்டா அந்த அமைப்பையே நாம ஒத்துக்கிட்டதா ஆயிடும்.”

“எனக்கு அமைப்பு வேணாம் புரொபசர். முட்டி வேணும்.”

“இத விரிவாப் பேசணும்.”

“பேசவே வேணாம். அந்த ஆளு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லியா?”

“காதுல விழறது வேற, கேக்கறது வேற.”

“ரெண்டடி தூரத்துல நின்னீங்க. வெங்காயம் கேட்டீங்க. அத நான் கேட்டேன், போட்டேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

பிராட்வெல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மலைக்குக் கீழே, வெகு தூரத்தில், நூலகத்தின் கோபுரம் தெரிந்தது. அதையொட்டி ஒரு வெள்ளைக் கோடு போட்ட சதுரம் இருக்கும். இங்கிருந்து தெரியாது, அவருக்குத் தெரிந்தது.

“நான் முன்மொழியறேன்,” என்றான் ஓரன். “சார் இப்பவே கையெழுத்துப் போடணும்.”

எட்டு ஜோடிக் கைகள் மேலே போயின. எண்பது விரல்கள் ஆடின. டார்லீன் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

பிராட்வெல் எழுந்து நின்றார். கால்களை அகல ஊன்றி, தலை நிமிர்த்தி, நெஞ்சின் குறுக்கே இரண்டு கைகளையும் கட்டினார். தடை. இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் அவர் முதன்முதலாக எதிர்த்து நின்றது அப்போதுதான். பார்க்கக் கம்பீரமாகவே இருந்தது.

“எட்டுப் பேர் சேந்து ஒருத்தனக் கட்டாயப்படுத்தறது அதிகாரம். நான் பணிய மாட்டேன்,” என்றார்.

“சார், இது அநியாயம்!” என்றான் ஓரன். “டீகன், சொல்லேன்!”

டீகனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவள் நல்ல மாணவி. “தடை போட்டா போட்டதுதான், ஓரன். அந்தத் தடை செல்லுமான்னு பாக்க ஒரு துணைக்குழு போடலாம். முறைப்படி அதுக்கு வழி இருக்கு.”

“மணி நாலு நாப்பது!”

“அதான் சீக்கிரமாப் போடுவோம்.”

எட்டுப் பேரும் அடங்கிய துணைக்குழு வெளியே தாழ்வாரத்தில் கூடியது. முதலில் குழுவுக்குத் தலைமை தேவையா என்று விவாதித்தது. தேவையில்லை என்று முடிவானது. பிறகு அந்த முடிவை யார் அறிவிப்பது என்று விவாதித்தது. ஓரன் கத்துகிற சத்தம் உள்ளே கேட்டது. “வரிசைப்படி” என்று யாரோ அவனுக்கு நினைவூட்டுகிற சத்தமும் கேட்டது. உள்ளே டார்லீனும் பேராசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்கள வேலைய விட்டு எடுக்க முடியாதாமே, நிஜமா?” என்று கேட்டார் டார்லீன்.

“முடியாது.”

“எது செஞ்சாலும்?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப எதுக்குப் பயப்படறீங்க?” அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பிராட்வெல் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

ஐந்து மணி ஆயிற்று. டார்லீனுடைய செல்போன் ஒருமுறை அடித்து நின்றது, வக்கீலாக இருக்கும். அவர் எடுக்கவில்லை. ஈரமான காலுறையைப் பிழிந்துகொண்டே அழுதார். வாய்விட்டு அழவில்லை என்றாலும், மறைக்கவும் இல்லை.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குத் துணைக்குழு உள்ளே வந்தது. தடை கொள்கையின் அடிப்படையில் போடப்பட்டதல்ல, சொந்த நலனுக்காகப் போடப்பட்டது, ஆகவே செல்லாது என்று ஏகமனதாக அறிவித்தது. பிராட்வெல் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றார். ஜனநாயகத்தை அவர் மீறியதே இல்லை. பேனாவை எடுத்து, ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு, வாக்குமூலத்தின் கீழே நீண்ட, அழகான, துணிச்சலான கையெழுத்தைப் போட்டார்.

“எடுத்துக்கங்க டார்லீன்,” என்றார் குரல் தழுதழுக்க. “எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்.”

டார்லீன் காகிதத்தை வாங்கவில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டு எழுந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது, கீழே இறங்குகிற குறுக்குப்பாதை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். “வாங்க கண்ணுங்களா, கல்லு வழுக்கும், என் பின்னாலயே வாங்க,” என்று நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தார். ஓரன் தோள் கொடுத்தான். பேராசிரியர் கடைசியாக வந்தார், யார் பின்னால் நடந்தால் பத்திரம் என்பதை நன்கு அறிந்தவராக.

திங்கட்கிழமை அவர் இயக்குநர் ஆனார். முட்டி அறுவை சிகிச்சை நடக்கவில்லை. மையத்தின் வாசலில் இப்போது ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறார்கள். அன்று குடிலில் மாணவர் ஒருவர் எடுத்தது. பேராசிரியர் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். பக்கத்துப் பெஞ்சில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் ஒற்றைப் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். ‘உயிர்ப்பயணத்தில் பேராசிரியர் பிராட்வெல், ஒரு நடைப்பிணத்துடன்’ என்று கீழே பொறித்திருக்கிறார்கள். படத்தில் ஒரு நடைப்பிணம் இருப்பது உண்மைதான். அது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததுதான் பிழை.